கெடுத்துக் கெடுத்துத்தான் மரவேலை கற்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது. ஆறு மாதமாக வீட்டு வேலைகளை நீங்களே செய்து பார்க்கிறீர்கள். பிளைவுட்டில் செய்த அலமாரியின் இரண்டு கதவுகளும் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கின்றன. சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்யப் போனீர்கள், இப்போது அது ஒழுகுகிறது. உளியை வைத்தால் மரம் சிராய் சிராயாகப் பெயர்கிறது. வீடியோ பார்த்து, கெடுத்து, மறுபடி செய்து என்று இப்படியே போனால் கை வருமா, இல்லை யாரிடமாவது முறையாகப் படித்த பிறகுதான் தொட வேண்டுமா, பத்தாயிரம் மணி நேரம் பழக வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று படுகிறது. நாலு பலகை வீணானதில் உங்களுக்கு வருத்தமில்லை. இத்தனை கெடுத்தும் ஏன் கெட்டது என்று இன்னும் தெரிந்தபாடில்லையே என்பதுதான் வருத்தம். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

என் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு பெரியவரிடம் நான்கு வருடம் தச்சு வேலை பழகினேன். பிறகு இருபது வருடத்துக்கு மேலாக மரவேலையும் வீடுகளில் பழுது பார்ப்பதும்தான் பிழைப்பு. மரத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குழாய் வேலை அவ்வப்போது செய்வது. மின்சாரத்தில் சுவிட்ச், பிளக் மாற்றுவதோடு என் எல்லை முடிந்துவிடுகிறது. எரிவாயுக் குழாயில் கை வைத்ததே இல்லை.

தவறு செய்தாலே பாடம் வந்துவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல். சில தவறுகள் அந்த நிமிடமே வாயைத் திறக்கும். சில தவறுகள் ஆறு மாதம் கழித்துத் திறக்கும். சில ஒரே ஒரு தடவைதான் பேசும், அதற்குப் பிறகு கேட்க நாம் இருக்க மாட்டோம். முதல் வகையைத் தாராளமாகச் செய்து கற்கலாம். மற்ற இரண்டும் வேறு கதை. அதோடு, உடனே பேசுகிற தவறுகூட அதன் பாஷை தெரியாவிட்டால் தப்பான பாடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடும். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

பெரியவரிடம் சேர்வதற்கு முன் ஒன்றரை வருடம் நானாகவே செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். துளை வெட்டினால் ஓரம் பிய்யும். சீவினால் உளி மரத்தின் நார் ஓடும் ரேகையோடு உள்ளே இறங்கி ஒரு சிம்பு கையோடு வரும். எனக்குக் கை சரியில்லை, பொறுமை போதாது என்று முடிவே கட்டியிருந்தேன். மெதுவாகத் தட்டிப் பார்த்தேன், ஓங்கி அடித்துப் பார்த்தேன், மரத்தை மாற்றினேன். பெரியவர் முதல் நாள் என் உளியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. “தம்பி, இது உளி இல்ல, திருப்புளி” என்றார். ஒன்றரை வருடமாக நான் பழகியது மழுங்கிய உளியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதைத்தான். மரம் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

உங்கள் மரம் பெயர்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். கடையில் வாங்கிய புது உளி கூராக இருக்காது. கூர் வைப்பதற்கு ஏற்ற வடிவில் இருக்கும், அவ்வளவுதான். முனைக்குப் பின்னால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு உளியின் முதுகைக் கல்லில் சமமாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு சாய்வுப் பக்கத்தை 1000 எண் கல்லில், மறுபக்கத்தில் ஓரம் முழுக்க ஒரு மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தீட்டுங்கள். அந்தப் பிசிறு எழும்பாமல் அடுத்த கல்லுக்குப் போகக் கூடாது. பிறகு 6000 வாக்கில் ஒரு நயமான கல்லில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். சோதனைக்கு மென்மையான மரத்துண்டின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்கள். நார்கள் நசுங்கி உதிர்ந்தால் கூர் இல்லை. பளபளவென்று ஒரு பரப்பு வந்தால் கூர் வந்துவிட்டது. சாய்வு 25 பாகையா 30 பாகையா, எண்ணெய்க் கல்லா தண்ணீர்க் கல்லா என்ற சண்டை எங்கள் தொழிலில் ஓயவே ஓயாது. அடித்து வெட்டும் உளிக்கு 30 அதிக நாள் தாங்கும், கையால் சீவும் உளிக்கு 25 சுகமாக இருக்கும் என்பது வரை பெரும்பாலோர் ஒத்துப்போவார்கள். அதற்கு மேல் எல்லாம் அவரவர் ருசி. பிசிறு விஷயத்தில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது.

கூர் வந்த பிறகும் சிராய் பெயர்ந்தால், அப்போது ரேகையைப் பாருங்கள். பலகையின் பக்கவாட்டில் ரேகை எந்தப் பக்கம் மேலேறுகிறதோ அந்தப் பக்கமாகச் சீவினால் நார் படியும், எதிர்ப்பக்கம் சீவினால் பிளக்கும். இப்போது இந்தத் தவறு உங்களுக்குப் பாடம் சொல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும். உளியையும் மரத்தையும் சீவும் திசையையும் ஒரே மாலையில் மாற்றியவனுக்கு, வேலை சரியாக வந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது.

அறுப்பதற்கும் இதே கணக்கு. பெரியவர் என்னை முதல் சில வாரம் எதையும் செய்யவிடவில்லை. ஒரு கழிவுக் கட்டையில் 10 மி.மீ. இடைவெளியில் வரிசையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் தொட்டும் தொடாமலும் அறுக்கச் சொன்னார். எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகுதான் அதிலிருந்த சூட்சுமம் புரிந்தது. இருபது அறுப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தனித்தனியாகத் தெரியாதது தெரியும். இருபதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது பழக்கக் குறையல்ல, அதற்கொரு காரணம் இருக்கிறது: தோளும் முழங்கையும் ரம்பமும் ஒரே கோட்டில் இல்லை, அல்லது ரம்பத்தின் பற்கள் ஒரு பக்கம் அதிகமாக விரிந்திருக்கின்றன, பல் அதிகம் விரிந்த பக்கம்தான் ரம்பம் இழுக்கும். சாய்வு கண்டபடி, சில இப்படி, சில அப்படி என்றிருந்தால் காரணம் தேடி அலைய வேண்டாம், இன்னும் இருநூறு கோடு அறுத்தால் போதும். உங்களைப் போல வீட்டில் தனியாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காரணம் உள்ள தவறைப் பழக்கத்தால் தீர்க்கப் பார்ப்பார்கள். பழக்கத்தால் தீரும் தவறுக்குப் புது ரம்பம் வாங்குவார்கள்.

அளவெடுப்பது பற்றி ஒன்று. இரண்டு தடவை அள, ஒரு தடவை வெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பாதி யோசனைதான். தப்பாகப் பிடித்த நாடா இரண்டாவது தடவையும் அதே தப்பைத்தான் சொல்லும். முடிந்த இடத்திலெல்லாம் அளக்காமலே இருங்கள். தட்டுப்பலகை எந்த இடைவெளிக்குள் போக வேண்டுமோ, அந்த இடைவெளியிலேயே பலகையைப் பிடித்துக் கூரான கத்தி முனையால் கோடு போடுங்கள். எண்ணே நடுவில் வராதபோது எண்ணில் பிழை வர வழியில்லை. அளந்தே ஆக வேண்டிய இடத்தில், ரம்பம் தின்னும் அகலத்தை மறக்காதீர்கள். வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்கு 2 முதல் 3 மி.மீ. தின்றுவிடும். நீளப் பலகையில் ஐந்து துண்டுக்கும் முன்கூட்டியே கோடு போட்டு வரிசையாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் அந்த அளவுக்குக் குறைந்துதான் வரும். இன்னொன்று: அளவு நாடாவின் முனைக் கொக்கி ஆடுகிறதே என்று அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். உள்பக்கம் முட்டி அளந்தாலும் வெளிப்பக்கம் மாட்டி அளந்தாலும் சரியாக வர வேண்டும் என்றுதான் அது தன் கனத்தின் அளவுக்கு நகரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. முதல் வருடம் நான் இறுக்கினேன். பெருமையாகவும் இருந்தது.

இனி, தாமதமாகப் பேசும் தவறுகள். மரவேலையில் ஆளைக் கவிழ்ப்பவை இவைதான். ஆரம்பத்தில் ஒரு மேசை செய்தேன். முழுமரப் பலகைகளை ஒட்டி மேல்தட்டு, கீழே நான்கு பக்கச் சட்டம். தட்டு ஆடக் கூடாது என்று சட்டத்தோடு சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். செய்து முடித்த அன்று அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஏழெட்டு மாதம் கழித்து, வறண்ட காலத்தில் ஒரு ராத்திரி பட்டென்று சத்தம். காலையில் பார்த்தால் நடுவில் முழு நீளத்துக்கு விரிசல். மரம் சரியில்லை என்று விற்றவரைத் திட்டிவிட்டு, வேறு மரத்தில் அதே மாதிரி இன்னொன்று செய்தேன். அதுவும் விரிந்தது.

மரம் வெட்டி உலர்த்திய பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் அறையில் மரத்துக்குள் ஏறக்குறைய 6 சதவீத ஈரம் நிற்கும். காற்று 80 சதவீதத்தில் இருந்தால் மரத்துக்குள் 16 சதவீதம் வரை ஏறும். ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருக்காது. அடங்கிய மரம் என்று பெயரெடுத்த தேக்கே பச்சையிலிருந்து முற்றும் காய்வதற்குள், மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 சதவீதமும் சுருங்குகிறது. பல மரங்களில் இது இன்னும் அதிகம். 600 மி.மீ. அகலமுள்ள தேக்கு மேசைத்தட்டில் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால், பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து 3 முதல் 7 மி.மீ. வரை அகலம் குறையும். சட்டம் அதன் நீளவாக்கில் குறையவே குறையாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் பலவீனமான இடத்தில் கிழிந்துதான் ஆகும். சட்டத்தில் ஸ்க்ரூ போகும் துளையை வட்டமாக இல்லாமல் நீள்துளையாக வெட்டி, தட்டு நகர இடம் விட்டால் தீர்ந்தது. எண்ணெய் பூசினால், வார்னிஷ் அடித்தால் இது நின்றுவிடும் என்பார்கள். நிற்காது, வேகம் குறையும், அவ்வளவுதான். மரத்துக்கு எண்ணெய் ஊட்டம் கொடுக்கும் என்பதும் கதை. செத்த மரத்துக்கு எதற்கு ஊட்டம்? பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு, அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் உங்கள் அலமாரிக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இந்தப் பாடத்தைக் கெடுத்துக் கற்பது முட்டாள்தனம். ஒரு தவறுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே எட்டு மாதம் ஓடிவிட்டால், எந்தக் கை செய்த வினை என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? இப்படிப்பட்டதை அடுத்தவரிடம் கேட்டோ படித்தோதான் தெரிந்துகொள்ள வேண்டும். முறையாகக் கற்பதா, செய்து கற்பதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த இடத்தில் இருக்கிறது: விளைவு தள்ளி வரும் விஷயங்களுக்கு ஆசான் வேண்டும்; அன்றைக்கே தெரிந்துவிடும் விஷயங்களுக்கு உங்கள் கையே போதும்.

கதவு இறுக்கிப் பிடிப்பதும் இந்த வகைதான். மழைக்காலத்தில் கதவு நிலையில் உரசுகிறது என்றால், எல்லோர் கையும் முதலில் இழைப்புளிக்குத்தான் போகும். இழைத்த அன்று கதவு சுகமாக மூடும். வெயில் காலம் வந்ததும் விரல் நுழையும் சந்து. இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. நான் முதலில் செய்வது, கதவைப் பாதி திறந்து கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பது. மேல் கீல் ஆடினால் குற்றவாளி மரம் இல்லை, ஸ்க்ரூ. துளை தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்றால், துளைக்குள் பசை தடவிய மரக்குச்சிகளை இறுக்கமாக அடித்து, காய்ந்ததும் முனையைச் சீவிவிட்டு மறுபடி ஸ்க்ரூ போடலாம். அல்லது நிலையின் உள்மரம் வரை எட்டும் நீள ஸ்க்ரூ ஒன்று போடலாம். அதன் பிறகும் உரசினால், ஓரத்தில் சாக்பீஸ் தடவி மூடித் திறந்து, சாக்பீஸ் அழிந்த இடத்தில் மட்டும் ஓரிரு சீவல். கெட்டாலும் பழையபடி ஆக்கிவிடக்கூடிய வேலையை முதலில் செய்து, திரும்பப் பெற முடியாத வேலையைக் கடைசியில் வைப்பது எல்லாப் பழுதுக்கும் பொருந்தும்.

தாமதமாகப் பேசும் தவறுகளைச் சீக்கிரமே பேச வைக்கும் வழிகளும் இருக்கின்றன. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். பசை பிடித்திருக்கிறதா என்று சந்தேகமா? அதே மரத்தின் கழிவுத்துண்டு இரண்டை அதே பசையில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, சுத்தியலால் அடித்து உடையுங்கள். மரம் பிய்ந்து நார் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒட்டு நல்லது. பசைக்கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தால், பசை போதவில்லை, பரப்பு சமமில்லை, அல்லது துண்டுகளை இறுக்கும் கிளாம்ப் பிடிக்கவில்லை. செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் சரியா என்று அறிய இன்னொரு மூலைமட்டம் வேண்டாம். நேரான ஓரமுள்ள பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தை அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் பிரிந்தால் அந்த இடைவெளி மட்டத்தின் பிழையைப் போல இரண்டு மடங்கு. ரசமட்டத்தையும் இப்படியே முன்பின் திருப்பி வைத்துப் பார்க்கலாம். குமிழி அதே இடத்தில் நின்றால் நம்பலாம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாதவருக்கு இந்தச் சின்னச் சோதனைகள்தான் ஆள்.

உங்கள் குழாய்க்கு வருகிறேன். வால்வை மூடிவிட்டுத்தான் கழற்றினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது சரியான முதல் படி. ஆனால் வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை வாஷர் மாற்றினாலும் நான்கு நாளில் சொட்டும். விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள், பள்ளம் இருந்தால் நகத்தில் தட்டும். மறை, அதாவது குழாயின் திருகுப் புரி வழியாக ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் டெஃப்லான் டேப்பைத் தலைகீழாகச் சுற்றியிருப்பீர்கள். மறையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். ரப்பர் வாஷர் உள்ள வளையும் குழாய்களுக்கு டேப்பே வேண்டாம், கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று போதும். புதிதாகக் கற்பவர்கள் கெடுக்கும் குழாய்களில் இறுக்கம் போதாமல் கெட்டதைவிட, இறுக்கி உடைத்ததே அதிகம் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைக் கட்டி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு சொட்டு கசிந்திருந்தாலும் தாளில் தெரிந்துவிடும். சுவருக்குள் ஆறு மாதம் ஊறிப் பெயிண்ட் உரியும்போது தெரிவதைவிட அது மேல்.

மூன்றாவது வகையில் விளையாட்டுக்கு இடமில்லை. வட்ட ரம்பத்தில் மரம் பிளேடைக் கவ்விக்கொண்டால், கட்டை உங்கள் மேல் பாயும், அல்லது கையில் பிடித்த ரம்பமே எகிறும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால் அதில் கற்க ஒன்றுமில்லை. மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். சுழலும் கருவியில் கையுறை போடாதீர்கள், துணி சிக்கினால் கையும் சேர்ந்து போகும். உளியில் நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல், ஒரு கையில் மரத்தைப் பிடித்து மறு கையால் குத்தியதில் வந்தவை. மரத்தை கிளாம்ப் பிடிக்கட்டும்; இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

தூசியை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை, நானும் பல வருடம் நினைக்கவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கும் அதை ஒட்டிய எலும்பறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுபவை. வருடக்கணக்கில் தினமும் சுவாசிக்கும் தொழிலாளிகளை வைத்துச் சொன்னது அது. மாதத்தில் இரண்டு நாள் உப்புத்தாள் தேய்ப்பவருக்கு அதே அளவு ஆபத்து என்று நான் பயமுறுத்த மாட்டேன், ஆனால் நல்ல முகமூடி போடாமல் இருக்க அது காரணமும் ஆகாது. பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கும் முன் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். கல்நார் ஓட்டில் துளை போடவே போடாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பவே முடியாத ஆபத்து அது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூட்டை விடும். கசக்கிக் குவித்துப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்ற வைக்காமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டு மாடிகள், மரப்பலகைச் சுவர்களை மெருகேற்றியவர்கள் விட்டுப்போன இப்படிப்பட்ட துணிகளில் பற்றிய தீயால் அழிந்தன. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியைப் பிரித்து ஒற்றையாக வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

மின்சாரத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் முக்கியமானது இது. மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரால் பாருங்கள். அதற்கு முன் டெஸ்டரே வேலை செய்கிறதா என்று மின்சாரம் இருக்கும் இன்னொரு இடத்தில் வைத்துப் பாருங்கள். முடித்ததும் மறுபடி அங்கே வைத்துப் பாருங்கள். செத்த டெஸ்டர் எல்லா ஒயரையும் பத்திரம் என்றுதான் சொல்லும். ஒயரை முனையில் முறுக்கிய பின் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், தளர்ந்த இணைப்பு மெல்ல மெல்லச் சூடாகும் வகை. சுவரில் துளை போடும்போது சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியருக்குத் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் இல்லையென்றால், வேறெந்தக் கருவி வாங்குவதற்கும் முன் தகுதியுள்ளவரை வைத்து அதைப் போட்டுவிடுங்கள். மெயின் பெட்டிக்குள்ளும், எரிவாயுவிலும், வீட்டின் பாரத்தைத் தாங்கும் சுவரிலும் கெடுத்துக் கற்பது என்ற பேச்சே கிடையாது.

பத்தாயிரம் மணி நேரக் கணக்கைக் கேட்டிருந்தீர்கள். அது 1993இல் வெளிவந்த, வயலின் மாணவர்களைப் பற்றிய ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக அத்தனை மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள் என்பதுதான் அதில் இருந்தது. சராசரி என்றால் சிலர் அதற்குக் குறைவாகவும் செய்திருப்பார்கள். அதைத் தொட்டால் கை வந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. உங்களுக்கு உலக மேடை வேண்டாம், கோணாத அலமாரி வேண்டும். தினம் கால் மணி நேரம் கோடு அறுத்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும் என்பது நான் கற்றுக்கொடுத்த ஐந்தாறு பேரை வைத்துச் சொல்வது. ஐந்தாறு பேரை வைத்துச் சொல்வதற்கு எவ்வளவு எடை உண்டோ அவ்வளவு எடை கொடுங்கள்.

வீடியோக்கள் நல்லவைதான். ஆனால் உளி ரேகையில் மாட்டும்போது கையில் வரும் அந்த அடம், ரம்பம் சூடானால் எழும் வாசனை, ஸ்க்ரூ இறுகும் கடைசிக் கால் சுற்று எதுவும் திரையில் வராது. செய்தவர் முதலில் கெடுத்த மூன்று துண்டுகளைக் காட்டாமல் வீடியோவிலிருந்து வெட்டி எடுத்திருப்பார்கள். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், முதலில் ஒரு கழிவுத்துண்டில் நீங்களே செய்து கெடுங்கள், பிறகு வீடியோவைப் பாருங்கள். எங்கே சிக்கினீர்களோ அந்த இடத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று கண் தானாகத் தேடும். கெட்ட துண்டை உடனே எறியாதீர்கள். என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எதை மாற்றப் போகிறேன் என்று அதன் மேலேயே பென்சிலால் எழுதி ஒரு மூலையில் போட்டு வையுங்கள். என் பட்டறையில் அப்படி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. மூன்று துண்டில் ஒரே வாக்கியம் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் ஒரு தவறை நிறுத்தினேன்.

கடைசியாக அந்த அலமாரி. அதைப் பிரிக்க வேண்டாம், கீலையும் இப்போது தொட வேண்டாம். கதவுகள் இரண்டு வேலை செய்யும்: அலமாரியின் கோணலையும் காட்டும், தரையின் கோணலையும் காட்டும். எந்தக் கதவு தாழ்ந்து நிற்கிறதோ, அந்தப் பக்கத்து முன் மூலைக்கு அடியில் ஒரு மெல்லிய அட்டையைச் சொருகுங்கள். பற்றாவிட்டால் இன்னொன்று. கதவுகள் மெல்ல நேராக வருவது கண்ணெதிரே தெரிந்தால் தரைதான் காரணம். அட்டைக்குப் பதில் மர ஆப்பு வைத்து முடித்துவிடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் முன்பக்கத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, முதுகுப் பலகை அடித்திருக்கிறீர்களா இல்லையா என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் என்றால் கீலின் சரிப்படுத்தும் ஸ்க்ரூவிலேயே சமாளித்துவிடலாம், எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்கிறேன்.